அறுபத்து நான்காவது கரைப்பான்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு நயினார் வர்ணத் தொழிற்சாலையின் மாடி அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். நிறுவனத்தின் தலைவர் தவசிலிங்கம், வயது எழுபத்தாறு. அவருடைய மகள் சண்முகவடிவு, ஆலையை நடத்துபவள். கலவைக்கூடத்தில் நாற்பது வருடமாக இருக்கும் இசக்கியப்பன். காற்றுச் சோதனை மையத்திலிருந்து வந்திருந்த ஆய்வாளர் ஜெனிட்டா மச்சாடோ. வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டு தூத்துக்குடியில் இப்போது ஏழெட்டுப் பேர் திரிகிறார்கள். அவர்கள் இருக்கவில்லை.

தவசிலிங்கத்தின் தம்பி வெயிலுமுத்துவும் இருக்கவில்லை. அவர் அந்த மாடிப்படியை மிதித்து ஒன்பது வருடங்கள் ஆகியிருந்தன.

ஆய்வாளர் ஒரு தாளை மேஜைமேல் வைத்துத் தவசிலிங்கத்தின் பக்கம் நகர்த்தினாள். அவர் அதைத் தொடவில்லை. நிமிர்ந்த முதுகு நாற்காலியில் சாயாமல் அப்படியே இருந்தது.

"மூணு நாளா தொடர்ந்து நயினார்னுதான் பதிவாகியிருக்கு ஐயா. காப்பகத்துல ஏழு குழந்தைங்களுக்குத் தலைவலி, வாந்தி."

"பிள்ளைகள்லாம் இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா இருக்காங்க. நேத்தே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"அது போதும். மத்தத இனிப் பேசுவோம்."

ஊருக்குள் மோப்பத் தூண்கள் நடப்பட்டு இருபத்திரண்டு வருடங்கள் ஆகின்றன. ஆளுயரத்தில் சாம்பல் நிறமாக, பள்ளிக்கூடம், விடுதி, காப்பகம் என்று குழந்தைகள் புழங்கும் இடமெல்லாம் ஒன்று நிற்கும். காற்றை உள்ளே இழுக்கும். அதில் என்ன ஆவி கலந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும். பெயின்ட் ஆவியாக இருந்தால் அது யாருடைய சரக்கு என்பதையும் சொல்லிவிடும். இதற்காகத் தொடக்கத்திலேயே பெயின்ட் தயாரிப்பவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு டின் மாதிரியை மையத்துக்கு அனுப்பியிருந்தார்கள். தூண்கள் அந்த வாசனைகளை மனப்பாடமாக வைத்திருந்தன.

குழந்தைகள் இருக்கும் அறைக்குள் எண்ணெய்ப் பெயின்ட் கூடாது என்பது சட்டம். முதல் தடவை எச்சரிக்கை. இரண்டாம் தடவை பெயர் பறிப்பு. நயினாருக்கு இது இரண்டாவது. ஆலை ஓடலாம், ஆட்கள் வேலைக்கு வரலாம், சரக்கும் போகலாம். டின்னின்மேல் பெயர் மட்டும் இருக்காது. அந்த இடத்தில் ஓர் எண் இருக்கும்.

நயினார் என்பது தவசிலிங்கத்தின் தகப்பனார் ஆறுமுகநயினாருடைய பெயர். பாம்பன் முதல் குளச்சல் வரை படகுக்காரர்கள் யாரும் பெயின்ட் அடித்தாயிற்றா என்று கேட்பதில்லை. நயினார் அடித்தாயிற்றா என்றுதான் கேட்பார்கள். அந்த வாய்கள் இனி நாற்பத்தேழு அடித்தாயிற்றா, நூற்றுப்பன்னிரண்டு அடித்தாயிற்றா என்று கேட்கும்.

"எவ்வளவு நேரம் இருக்கு?" என்று கேட்டாள் சண்முகவடிவு.

"சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும். அதுக்குள்ள மறுப்பு வரணும், ஆதாரத்தோட. வரலைன்னா தானாவே பெயர் நீங்கிடும். என் கையில எதுவும் இல்ல மேடம்."

"தூண் சொன்னது தப்புன்னு இதுவரைக்கும் யாராவது நிரூபிச்சிருக்காங்களா?"

"இல்ல."

"நம்ம சரக்கு அங்க போகலம்மா," என்றார் தவசிலிங்கம்.

"எப்படி ஐயா அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"நான் அனுப்பல. அதனால போகல."

அவர் வீம்புக்குச் சொல்லவில்லை. நயினார் சரக்கு கடைகளுக்குப் போவதில்லை. படகுப் பட்டறைகளுக்கு நேராகப் போகும். காலி டின் திரும்பி வந்தால்தான் அடுத்த டின் கிடைக்கும். எந்த டின் எந்தப் பட்டறைக்கு என்பதை ஒன்பது வருடமாக அவரே வாசலில் நின்று பார்த்து ஏற்றுகிறார். முன்பு அந்த வேலை தம்பியுடையது.

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. இதே அறையில், இதே சொற்களை வேறொருவர் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஒன்பது வருடங்களுக்கு முன்பு ஒரு மாணவியர் விடுதியில் தூண் நயினார் என்று சொன்னபோது, வெயிலுமுத்து அந்த ஜன்னலோரம் நின்றபடி, "நான் அனுப்பல அண்ணே. அதனால போகல," என்றார். "அப்ப தூணு பொய் சொல்லுதோ?" என்று தவசிலிங்கம் கேட்டார். தம்பி வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டு, திருட்டுத்தனமாக அப்பா பெயரை விற்றவனுக்கு இங்கே இடமில்லை என்று அனுப்பிவிட்டார்.

இப்போது தூண் தன்னைப் பார்த்தும் அதையே சொல்கிறது. தான் அனுப்பவில்லை என்பது மட்டும் அவருக்கு நிச்சயமாகத் தெரியும்.

"அந்தத் தாள எடும்மா," என்றார். "உங்க தூணு எதப் பார்த்து எங்கள அடையாளம் சொல்லுதுன்னு எனக்குக் காட்டு."

ஜெனிட்டா நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். தாளில் ஒரு கோடு மலைத்தொடர்போல ஏறி இறங்கிச் சென்றது.

"இந்தப் பெரிய மேடெல்லாம் பெட்ரோலியத்துலேர்ந்து வர்ற கரைப்பான். பெயின்ட் இளக்கமா இருக்கறதுக்காக ஊத்துறீங்களே, அது. எல்லா கம்பெனியும் ஏறக்குறைய அதே சுத்திகரிப்பு ஆலைலேர்ந்துதான் வாங்குறீங்க. அதனால இத வச்சு யாரையும் பிரிக்க முடியாது."

"அப்ப?"

"ஓரத்துல இருக்கிற குட்டிக் கூம்புகள வச்சுத்தான். உங்களுக்கு இது." இடப்பக்கம் ஒல்லியாக நிமிர்ந்து நின்ற ஒரு கூம்பின்மேல் பேனா முனையை வைத்தாள். "வேற எந்தக் கம்பெனிக்கும் இது கிடையாது. இது பெட்ரோலியமே இல்ல. பைன் மரத்துப் பிசின்லேர்ந்து வர்றது."

"டர்பன்டைனா?" என்றாள் சண்முகவடிவு. "அத நாங்க விட்டு முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சே."

இசக்கியப்பன் தரையைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை ஊத்துறது மட்டும் உண்டு," என்று அவளே தொடர்ந்தாள். "தாத்தா ஆரம்பிச்சப்ப டர்பன்டைன்லதான் பெயின்ட் கரைச்சாங்க. அந்த ஞாபகத்துக்கு, வெள்ளிக்கிழமை முதல் டிரம்ல மட்டும் ஒரு அகப்பை ஊத்திட்டுத்தான் மெஷினப் போடுவோம். ஆனா அந்த டிரம் விற்பனைக்குப் போகாது. கோயில் கதவுக்கும் எங்க வீட்டு ஜன்னலுக்கும்தான்."

"அப்படின்னா நீங்க அனுப்பின மாதிரிக்குள்ள அது எப்படி வந்துச்சு?"

கீழே கலவை இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

இசக்கியப்பன் கைகளைக் கட்டிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார். "நாந்தான் தெரியாம டின்ன மாத்தி..."

"ஏ இசக்கி, பேசாம இரி."

தவசிலிங்கத்துக்கு அந்த விண்ணப்பத் தாள் எழுத்துப் பிசகாமல் நினைவிருந்தது. 'இம்மாதிரி எங்கள் அன்றாட உற்பத்தியிலிருந்து எடுக்கப்பட்டது, வேறு கலப்பில்லை.' கீழே தவசிலிங்கம் என்று அவருடைய கையெழுத்து. வாய் திறந்தால் அந்தக் கையெழுத்து பொய் என்று ஆகும். திறக்காவிட்டால் அப்பாவின் பெயர் ஐந்து மணிக்குப் போகும். எழுபத்தாறு வருடத்தில் தான் சொன்னதைத் தானே மறுத்துச் சொல்லும் நிலை அவருக்கு வந்ததில்லை.

மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"மையத்துலேர்ந்து ஒரு டின் கேட்டாங்க. சர்க்காருக்குக் கொடுக்கிறத ரெண்டாந்தரமா கொடுக்க முடியுமா? வெள்ளிக்கிழமை முதல் டிரம்லேர்ந்து நானே அள்ளி, நானே மூடி அடைச்சேன். அன்றாட உற்பத்தின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். வேற யாருக்கும் இதுல சம்பந்தம் இல்ல."

ஜெனிட்டா அவரையே பார்த்தாள். உதட்டின் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்து நின்றது.

"கம்பெனிக்காரங்க மட்டமானத அனுப்பி ஏமாத்திடுவாங்கன்னு மையத்துல ரொம்ப பயந்தாங்களாம். ஒசத்தியானத அனுப்பி ஏமாத்துவாங்கன்னு யாருக்கும் தோணல."

"நான் ஏமாத்தல."

"சரி ஐயா. ஏமாத்தல."

அவள் பையிலிருந்து செங்கல் அளவுக்கு ஒரு பெட்டியை எடுத்தாள். "தூணுக்குள்ள இருக்கிற அதே மூக்குதான். உங்க விற்பனைச் சரக்குல ஒண்ணு, வெள்ளிக்கிழமைச் சரக்குல ஒண்ணு கொண்டுவரச் சொல்லுங்க."

இசக்கியப்பன் அந்த வயதுக்கு ஆகாத வேகத்தில் படியிறங்கிப் போனார். திரும்பி வரும்போது இரண்டு கைகளிலும் இரண்டு டின். முதலில் விற்பனைக்கான திங்கட்கிழமைச் சரக்கைத் திறந்து ஒரு கண்ணாடித் துண்டில் தடவி, பெட்டியை மேலே கவிழ்த்தார்கள். ஒரு நிமிடம் கழித்துப் பெட்டியின் முகப்பில் எழுத்து வந்தது.

'எண்ணெய்ப் பூச்சு. தயாரிப்பாளர் தெரியவில்லை.'

"தெரியலயா?" தவசிலிங்கத்தின் குரல் உயர்ந்தது. "நயினார் சரக்க அதுக்குத் தெரியலயா?"

"சந்தோஷப்படுங்கப்பா," என்றாள் மகள்.

"ஊரான் சரக்கும் நம்ம சரக்கும் ஒரே வாசனைன்னு சொல்லுது. இதுல என்ன சந்தோஷம்?"

அடுத்து வெள்ளிக்கிழமைச் சரக்கு. பெட்டி யோசிக்கவே இல்லை. 'நயினார்' என்றது.

"இது பாதிதான்," என்றாள் ஜெனிட்டா. "உங்க விற்பனைச் சரக்க தூணுக்கு அடையாளம் தெரியாதுன்னு காட்டிட்டீங்க. காப்பகத்துல நயினார்னு ஏன் சொல்லிச்சுங்கறதுக்கும் பதில் வேணும். அங்க இரும்புக் கட்டிலுக்கெல்லாம் புதுசா பெயின்ட் அடிச்சிருக்காங்க. டின்ல பேர் இல்ல. அது யாரு செஞ்ச தப்புன்னு தனியா பார்த்துக்கிறோம். ஆனா அதுல பைன் எங்கேர்ந்து வந்துச்சு?"

இசக்கியப்பன் தொண்டையைச் செருமினார். "தாயி, அங்க தரைய எத வச்சுத் துடைக்காங்க?"

"ஏன்?"

"நம்ம கக்கூஸு கழுவுத பாட்டில்ல பைன் மரம் படம் போட்டிருக்கு. அதான் கேட்டேன்."

சண்முகவடிவே எழுந்து ஓடினாள். கழிவறைப் பாட்டிலோடும், கிடங்கில் கிடந்த வேறு கம்பெனிக் கரைப்பான் டப்பாவோடும் வந்தாள். ஜெனிட்டா ஒரு பஞ்சில் இதையும் இன்னொரு பஞ்சில் அதையும் நனைத்துப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பெட்டியைக் கவிழ்த்தாள்.

'நயினார்.'

"அப்ப நம்ம கக்கூஸு முழுக்க நயினார்தானா அண்ணாச்சி?" என்றார் இசக்கியப்பன்.

தவசிலிங்கம் அவரை முறைத்தார். முறைப்பு நிலைக்கவில்லை. மகள் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, இரண்டுமாக இருக்கலாம். காலையிலிருந்து முதல் முறையாகத் தவசிலிங்கம் நாற்காலியில் சாய்ந்தார்.

"எங்க பக்கமும் தப்பு இருக்கு ஐயா," என்றாள் ஜெனிட்டா, பஞ்சுகளை உறையில் போட்டபடி. "பூச்சு வேலைல புழங்குற கரைப்பான் நூத்துக்கணக்குல இருக்கு. அத்தனையையும் தூணுக்குக் கத்துக்கொடுக்க முடியாதுன்னு, ரொம்பப் புழக்கத்துல இருக்கிறத மட்டும் தேர்ந்தெடுத்தாங்க. மொத்தம் அறுபத்துமூணு. அந்தத் தேர்வுப் பட்டியல நான் பார்த்திருக்கேன். அறுபத்துநாலாவதா டர்பன்டைன் இருந்துச்சு. இப்ப யாரும் இத ஊத்துறதில்லன்னு அடிச்சுட்டாங்க. அது சேர்ந்திருந்தா, பைன் வாசனைக்குத் தூண் பைன்னே பேர் சொல்லியிருக்கும். அதுக்குப் பேரே சொல்லிக்கொடுக்காததால, அந்த வாசனை எதுக்குள்ள இருந்துச்சோ அந்தப் பேரச் சொல்லிட்டு இருக்கு."

"ஒரு கோட்ட அடிச்சதுல ஒரு மனுஷன் பேரு போகப் பார்த்துச்சு," என்றாள் சண்முகவடிவு.

"ஆமா மேடம். இன்னைக்கே எழுதிடறேன். சேர்த்துடுவாங்க."

தவசிலிங்கம் அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ஒன்பது வருஷத்துக்கு முந்தி ஒரு ஹாஸ்டல்ல இதே மாதிரி பதிவாச்சு. அந்தத் தாள் இருக்குமா?"

"எதையும் அழிக்கறதில்ல ஐயா."

சில நிமிடங்களில் அவளுடைய கைத்திரையில் அது வந்தது. அதே மலைத்தொடர், இடப்பக்கம் அதே கூம்பு. அவள் விரல் இன்னும் வலப்பக்கமாக நகர்ந்து, நசுங்கினாற்போல இருந்த வேறொரு கூம்பைத் தொட்டது. "இது தரை துடைக்கிற திரவத்துல மட்டும் வர்ற வாசனை. காப்பகத்துத் தாள்லயும் இது இருக்கு, உங்க வெள்ளிக்கிழமைச் சரக்குல இல்ல. அன்னைக்கு யாரும் தேடல, அதனால யார் கண்ணுக்கும் தெரியல. அங்கயும் உங்க பெயின்ட் இல்ல ஐயா."

அவர் தலையசைத்தார். அதன்பின் ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, தன் கையாலேயே எழுதினார். தாம் அனுப்பிய மாதிரி அன்றாட உற்பத்தி அல்ல என்றும், அதை அப்படிக் குறிப்பிட்டது தம்முடைய தவறு என்றும், அதற்கான பொறுப்பு தமக்கு மட்டுமே உரியது என்றும் நான்கு வரி. கையெழுத்துப் போட்டார்.

"இது ஒரு மாசம் மையத்து வாசல் பலகைல இருக்கும் ஐயா. விதி அப்படி. நாலு பேர் படிப்பாங்க."

"ஒட்டுங்க. எழுத்து தெளிவா இருக்குல்லா?"

மூன்று மணிக்கு மையத்திலிருந்து பதில் வந்தது. பெயர் பறிப்பு ரத்து. விடுதி எச்சரிக்கையும் ரத்து. கீழே கலவைக்கூடத்தில் கைதட்டினார்கள். இசக்கியப்பன் எல்லோருக்கும் டீ சொன்னார். சண்முகவடிவு செய்தியை இரண்டு தடவை படித்துவிட்டு நிமிர்ந்தபோது அப்பா படியிறங்கிக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா?"

"காரை எடு. முத்தையாபுரம் போகணும்."

அவள் வேறெதுவும் கேட்கவில்லை.

முத்தையாபுரத்தில் கடலைப் பார்த்த மாதிரி வெயிலுமுத்துவின் படகுப் பட்டறை. பின்னாலேயே வீடு. தென்கரையில் நயினார் சரக்கு போகாத ஒரே பட்டறை அது. மகளைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தவசிலிங்கம் தனியாக நடந்தார். கவிழ்த்துப் போட்ட ஒரு வள்ளத்தின் அடிப்பாகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்த வெயிலுமுத்து நிமிர்ந்து பார்த்தார். அறுபத்தெட்டு வயது. தலை முழுக்க நரைத்துவிட்டது. அது நரைத்ததைத் தவசிலிங்கம் பார்த்ததில்லை.

"வாங்க," என்றார் தம்பி. சுரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"காப்பகத்து விஷயம் கேள்விப்பட்டியா?"

"ஊரே பேசுது."

"அது நம்ம சரக்கு இல்ல."

"தெரியும்."

"அந்த ஹாஸ்டல்ல இருந்ததும் நம்ம சரக்கு இல்ல."

"அதுவும் தெரியும்."

"தூணு ஏன் அப்படிச் சொல்லிச்சுன்னு இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சோம்."

"வெள்ளிக்கிழமை டின்னு," என்றார் வெயிலுமுத்து.

தவசிலிங்கம் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "ஒனக்கு எப்படிடே தெரியும்?"

"அத மையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது யாரு? பஸ்ஸுல மடில வச்சுட்டுப் போனேன். நீங்க மூடிய நல்லா அடைக்கல. திருநெல்வேலி போய்ச் சேருத வரைக்கும் அப்பா சட்டை வாசனைதான். ஹாஸ்டல் விஷயம் வந்த அன்னைக்கே எனக்கு வெளங்கிட்டு."

"அப்ப சொல்லியிருக்கலாம்லா."

"யாருகிட்ட? ஒங்ககிட்டயா? நீங்கதான் தூண நம்பிட்டிய."

"மையத்துல சொல்லியிருக்கலாமே."

வெயிலுமுத்து சுரண்டியைத் துணியில் துடைத்தார். அவசரப்படாமல் இரண்டு பக்கமும் துடைத்தார்.

"சொன்னா, எங்க அண்ணன் போட்ட கையெழுத்து பொய்யின்னு நான் சொன்ன மாதிரி ஆகும். நீங்க என்னையத் திருடன்னு சொன்னது வீட்டுக்குள்ள. அது வீட்டோட கெடக்கட்டும். அண்ணாச்சியப் பொய்யன்னு வெளில ஒருத்தன் சொல்லலாமா? அதுவும் என் வாயால?"

குடும்ப மானத்தைக் காக்கத் தான் ஒருவன்தான் இருக்கிறோம் என்று தவசிலிங்கம் இத்தனை காலமும் நினைத்திருந்தார். கடல் காற்றில் கண் கரித்தது.

"ஒம்போது வருஷம்டே," என்றார்.

"ஆமா. ஒம்போது வருஷமா கண்ட கண்ட மட்டமான பெயின்ட்ட அடிச்சுட்டுக் கெடக்கேன். ஒரு மழைக்குத் தாங்க மாட்டேங்கு. எனக்கு இருக்குத கோவம் அது ஒண்ணுதான்."

தவசிலிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மத்தியானம் சாப்பிட்டியளா?" என்று கேட்டார் வெயிலுமுத்து.

"இல்ல."

"மணி நாலாவுது. இதென்ன பழக்கம்? வடிவையும் கூப்பிடுங்க. அவ கார்ல இருக்கிறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியளாக்கும்? வாங்கண்ணே, உள்ள."

அன்று தவசிலிங்கம் தம்பியின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டார் என்று முத்தையாபுரத்தில் இன்றும் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. அவர் விழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. வீட்டுக்குள் நுழையும்முன் செருப்பின் வாரைக் கழற்ற அவருக்கு முதுகு வளையவில்லை. தம்பி குனிந்து கழற்றிவிட்டார். படகுகளுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தவர்களுக்கு ஒருவர் நிற்பதும் மற்றவர் காலடியில் இருப்பதும்தான் தெரிந்திருக்கிறது. நின்றவர் தவசிலிங்கம். காலடியில் இருந்தவர் வெயிலுமுத்து.